குயின்ஸ்டவுனில் உடைத்த தேங்காய்

ஏழாம் வகுப்பில் எனக்கு மூன்று வெளிநாட்டுத் துறைமுகங்களின் பெயர் தெரியும். வீட்டில் வேறு யாருக்கும் தெரியாது என்பதால் ஓயாமல் சொல்லிக்கொண்டு திரிந்தேன். சௌத்தாம்ப்டன், செர்பூர், குயின்ஸ்டவுன். டைட்டானிக் கப்பல் ஆள் ஏற்றிய ஊர்கள். அடுத்தது நியூயார்க், அங்கே அது போய்ச் சேரவில்லை. எல்லாம் பள்ளி வினாடி வினாவுக்காகப் படித்தது. எங்கள் வீட்டில் ஐந்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். அக்காவை அதோடு நிறுத்திவிட்டார்கள்.

போட்டிக்கு முந்தின வாரம் அக்காவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்குக் கேளம்பாக்கம். நிச்சயத்துக்கே அவர் குடித்துவிட்டு வந்ததை அக்கா பார்த்துவிட்டாள். வேண்டாம் என்று இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தாள். "எவன்மா குடிக்கல? கண்ணாலம் ஆனா சரியாப் பூடும்" என்றார் அப்பா. திருமுடிவாக்கத்தில் லேத் ஓட்டிய அவருக்கு, கோணலான எதையும் கடைந்து நேராக்கிவிடலாம் என்ற நம்பிக்கை.

பெண்ணை அழைத்துப்போகும் வேன் சாயங்காலம் தாம்பரத்திலிருந்து கிளம்பியது. வழியில் பிள்ளையாருக்குச் சிதறு தேங்காய் உடைத்துக்கொண்டே போவது எங்கள் வழக்கம். அப்பா மூன்று காய் கொண்டுவந்திருந்தார். மூன்று என்றதும் எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. வண்டலூரில் முதல் காய் உடைந்ததும் "சௌத்தாம்ப்டன்!" என்று கத்தினேன். மாம்பாக்கத்தில் "செர்பூர்!"

"இன்னா தம்பி, உம் புள்ள இன்னாத்தயோ உளறிகினு வர்றான்?" என்று அத்தை அப்பாவைக் கேட்டாள்.

"உளறல் இல்லக்கா, இங்கிலீசு. படிக்கிற புள்ளன்னா சும்மாவா?"

புதுப்பாக்கத்தில் எல்லோரும் இறங்கிக் கோயில் வாசலில் நின்றார்கள். பெண்ணுக்குத் துணையாகத் தம்பி பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்று என்னை மட்டும் விடவில்லை. அக்காவின் கை வேன் கதவின் கைப்பிடியில் இருந்தது.

"இது இன்னா ஊருடா, உன் கப்பல்ல?"

"குயின்ஸ்டவுன். கடைசி ஊரு. அதுக்கப்புறம் வெறும் தண்ணிதான்."

"அங்க யாராச்சும் எறங்கினாங்களா?"

"கொஞ்சம் பேரு. அவங்க டிக்கெட்டே அவ்ளோதான். அப்பால கப்பல்ல வேல செஞ்சவன் ஒருத்தன், தபால் மூட்டைங்க நடுவுல ஒளிஞ்சிகினு எறங்கிட்டான்."

"அவன இன்னா சொன்னாங்க?"

"ஓடிப்போனவன்னு புக்குல போட்டுகீதுக்கா. தப்புதான அது?"

அவள் என்னையே பார்த்தாள். "அப்பாவக் கூப்டு" என்றாள். நான் எழுந்தேன். "வேணாம், உக்காரு."

கைப்பிடியிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். வெளியே தேங்காய் தூள்தூளாகச் சிதறியது. நல்ல சகுனம் என்றார் அப்பா.

இதெல்லாம் நடந்து பல வருஷமாகிறது. போன வாரம் அக்கா வந்திருந்தாள். கண்ணுக்குக் கீழே கன்றியிருந்தது. பஸ்ஸில் கம்பி இடித்துவிட்டது என்றாள். "பாத்து நிக்கறதில்லயா?" என்றார் அப்பா. அவர் தலைக்கு மேலே, அக்காவின் கல்யாணப் போட்டோவுக்குப் பக்கத்தில், சட்டம் போட்ட என் வினாடி வினாச் சான்றிதழ்.

அன்று அவள் கப்பலைப் பற்றித்தான் கேட்டாள் என்று நினைத்திருந்தேன். போட்டியிலும் அதையேதான் கேட்டார்கள்: அந்தக் கப்பல் கடைசியாக நின்ற துறைமுகம் எது? கேள்வி முடிவதற்குள் நான் மணியை அடித்துவிட்டேன்.