சைவப் பூனையின் பிரசவம்

என் கணவர் ரொம்ப நல்லவர். கிழக்கேகோட்டையில் எங்கள் அக்ரஹாரத் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எங்கள் பூனை பிரசவ வலியில் தவித்த அன்று அவர் இல்லையென்றால் அது செத்தே போயிருக்கும். மூன்றாவது குட்டி பாதி வெளியே வந்து நின்றுவிட்டது. அவர் பழைய வேஷ்டித் துணியை வெந்நீரில் நனைத்து, பூனை முக்கும்போதெல்லாம் குட்டியை மெல்ல இழுத்தார். உறையைக் கிழித்து மூக்கைத் துடைத்துவிட்டார். அது கத்தியதும் அவர் அழுதேவிட்டார். தீட்டுப் போகக் குளித்துவிட்டு வந்து முதலில் கேட்டது, "பெத்தவளுக்குச் சாப்பிட ஏதாவது குடுத்தயா?" என்றுதான்.

கொடுத்தேன். தயிர் சாதம்.

குட்டியாக எங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அதற்கு அதுதான் ஆகாரம். வருகிறவர்களிடமெல்லாம் அவர் பீற்றிக்கொள்வார்: "நம்மாத்துப் பூனை மீனை மோந்துகூடப் பாக்காதாக்கும்." அது சுவரேறிக் குதித்துப் போய் எதையெதையோ தின்றுவிட்டு வாயை நக்கிக்கொண்டு வருவதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அவர் பார்க்க மாட்டார். பார்க்க வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டவரை யார் என்ன செய்ய முடியும்?

குட்டிகள் வயிறு ஒட்டிப்போய் ஓயாமல் கத்தத் தொடங்கின. பூனையைக் கூடையில் வைத்து மலையாளி மிருக டாக்டர் ஒருவரிடம் கொண்டுபோனோம். டாக்டர் காம்பை அமுக்கிப் பார்த்தார். பால் இல்லை. என்ன கொடுக்கிறோம் என்று கேட்டவர், பதிலைக் கேட்டுச் சிரித்தேவிட்டார். "தயிரும் சோறும் கொடுத்தா பாலு வருமோ மேடம்? மீனு கொடுக்கணும், மீனு!"

என் கணவர் காதைப் பொத்திக்கொள்ளாத குறை. திரும்பும் வழியில், "ஆத்திலே மீனா? பெருமாள் இருக்கற இடத்திலே?" என்றார். எனக்கும் மீன் வாடை குமட்டும். ஆனால் தின்னப்போவது நானில்லையே! ஆபீசிலிருந்து வரும்போது பூனைத் தீனி பாக்கெட் ஒன்று வாங்கி வந்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதன் பின்பக்கத்தைப் படித்தார், மீன் என்ற இடத்தில் விரலை வைத்துக் காட்டினார், வாசல் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்து கை கழுவினார்.

கடைசியில் பூனையே ஒரு வழி பார்த்தது. மறுநாள் காலை அவர் பூஜையில் இருக்கும்போது ஜன்னல் வழியாக ஒரு மீன் தலையைக் கவ்விக்கொண்டு வந்து, குட்டிகளுக்குப் பக்கத்தில் வைத்துக் கடித்தது. அவர் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடிவந்தார்கள். மீனை முறத்தில் அள்ளி வெளியே எறிந்தார். வீடு முழுக்கக் கழுவிவிட்டார். தச்சனைக் கூப்பிட்டு எல்லா ஜன்னலுக்கும் கம்பிவலை அடிக்கச் சொன்னார்.

"ஏன்னா, பசிக்காதா அதுக்கு? வெளியிலயாவது போய்த் தின்னுட்டு வரட்டுமே."

"நான் ஆத்திலேதானே இருக்கேன்? பாலைக் காய்ச்சி மணிக்கொரு தரம் குடுக்கறேன். நீ நிம்மதியா ஆபீஸ் போ."

சொன்னபடியே கொடுத்திருக்கிறார். சாயங்காலம் நான் வந்தபோது கிண்ணம் நிறையப் பால் ஆடை படர்ந்து கிடந்தது. அவர் ஊஞ்சலில் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அட்டைப்பெட்டியில் இரண்டு குட்டிகள் கத்திக்கொண்டிருந்தன. அவர் இழுத்துக் காப்பாற்றிய மூன்றாவது குட்டியின் தலை மட்டும் இருந்தது. பூனை அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாதத்தை நக்கிக்கொண்டிருந்தது.

"பெத்த குட்டியையே தின்னுடுத்து. ராட்சசி! இது இனிமே இந்தாத்திலே வேண்டாம்."

நான் குறுக்கே நின்றேன். மீதி இரண்டுக்கும் வேறு கதியில்லை என்று கத்தினேன். அவற்றையும் தின்றுவிடும் என்றார். பூனையைச் சாக்கில் கட்டி ஆட்டோவில் மீன் சந்தைக்குக் கொண்டுபோனார். எங்கேயோ தெருவில் விட மனசு வரவில்லையாம். அங்கே விட்டால் பசியில்லாமல் இருக்குமாம். அவ்வளவு நல்லவர்.

குட்டிகளுக்கு நான் பசும்பாலில் தண்ணீர் கலந்து, பஞ்சை நனைத்துக் கொடுத்தேன். லீவு போட்டுவிட்டு மடியிலேயே வைத்திருந்தேன். குடித்தது பேதியாகப் போயிற்று. ஒன்று விடியும்போது போயிற்று. அடுத்தது மத்தியானம் வரை இழுத்துக்கொண்டிருந்து என் கையிலேயே விறைத்தது. கொல்லையில் மூன்றையும் ஒன்றாகப் புதைத்தோம். அவர் துளசித் தீர்த்தம் விட்டார்.

அன்று சாயங்காலமே மூக்கைப் புடவைத் தலைப்பால் பொத்திக்கொண்டு மீன் சந்தைக்குப் போனேன். ஒரு மீன்காரியின் பலகைக்கு அடியில் பூனை படுத்திருந்தது. சுற்றிலும் சாளை மீன் தலைகள். என்னைக் கண்டதும் எழுந்து வந்து காலில் உரசியது. தூக்கினேன். வயிறு கனத்துக் கிடந்தது. காம்புகள் வீங்கி, கை பட்டதும் பால் கசிந்து என் புடவையை நனைத்தது.

அதை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். வீட்டில் அவரிடம், "அதுக்குப் பால் ஊறிடுத்து" என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. "அப்படியா? நான் சொன்னேனோல்லியோ, அங்கே சௌக்கியமா இருக்கும்னு" என்றார். நிஜமாகவே சந்தோஷப்பட்டார். கல்யாணமான நாளிலிருந்து நான் பார்த்துப் பழகிய அந்த நல்ல முகத்தை அன்றைக்குப் பிறகு எனக்குப் பார்க்கவே பிடிக்கவில்லை.