சபைச் சுவரில் லாரிக்காரர் நம்பர்

எங்கள் பெயிண்டருக்குக் கோணல் என்று பட்டப்பெயர். சுவரில் அவன் எழுதினால் ஓர் எழுத்துகூடக் கோணாது, ஆள்தான் கோணல். அவனுக்கு ஏணி பிடிப்பது என் வேலை. கோணல் இருபது வயதில் அப்பாவோடு சண்டை போட்டு, அவருடைய லாரியைக் கொண்டுபோய்க் குளத்தில் இறக்கிவிட்டு ஓடிவந்தவன். பன்னிரண்டு வருஷமாக வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. "எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போறது?" என்பான். இருக்கிற மூஞ்சியை வைத்துக்கொண்டுதான் போகவேண்டும், வேறு மூஞ்சிக்கு எங்கே போவது? சொன்னால் பிரஷ்ஷை என் சட்டையில் துடைப்பான்.

மழைக்கு முன்னால் பாஸ்டர் ஒருவர் தன் சபைக்காக ஏழு சுவர் பிடித்துக் கொடுத்தார். 'தொலைந்து போனவரே, கடவுள் உங்களைத் தேடுகிறார். வீட்டுக்கு வாருங்கள்' என்று எழுதி, கீழே அவருடைய போன் நம்பரைப் போடவேண்டும். எழுதி முடித்தோம். ஒரு மாதம் கழித்துப் பாஸ்டர் வந்து நின்றார்.

"ஏம்ப்பா, ஊர்ல ஒருத்தன்கூடவா தொலையல? ஒரு போன் வரலையே!"

போய்ப் பார்த்தால் ஏழு சுவரிலும் வேறு நம்பர். கோணலின் முகம் சுண்ணாம்பாய் வெளுத்தது. பதினைந்து வயதில் அவன் முதன்முதலாக எழுதியதே அப்பா லாரியின் பின்பக்கத்தில் வீட்டு நம்பரைத்தான். நம்பர் என்றதும் கை பழைய தடத்தில் போய்விட்டது. அவனைக் கேட்டா போனது?

மன்னிப்புக் கேட்கப் பாஸ்டர் அந்த நம்பருக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் ஒரு கிழவரின் குரல்.

"வாப்பா வா. கதவு திறந்துதான் இருக்கு. சாப்பிட்டியா?"

"ஐயா, நான் பாஸ்டர்..."

"யாரா இருந்தா என்ன? நடந்தது நடந்துபோச்சு, கிளம்பி வா!"

பாஸ்டர் போனையே பார்த்துக்கொண்டு நின்றார். "இருபது வருஷமா இதத்தான்யா பிரசங்கம் பண்றேன். என்னை இப்படி ஒருத்தரும் கூப்பிட்டதில்ல," என்று மூக்கைச் சிந்தினார்.

நம்பர் தப்பு என்று வாசலில் நின்றே சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவேன் என்று கோணல் கிளம்பினான். பெயிண்ட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன்.

வாசலில் செருப்புக் குவியல். உள்ளே குடியை விட வந்தவன், புருஷனோடு கோபித்துக்கொண்டு வந்தவள், இன்னும் யார் யாரோ. பூட்டு உடைத்துப் பழகிய பழைய திருடன் ஒருவன், அவன்தான் கதவுக்குப் பொறுப்பு.

"எந்தச் சுவரு பார்த்து வந்தே?" என்றான் திருடன்.

"எல்லாச் சுவரும்," என்றான் கோணல்.

கோணலின் அக்கா கரண்டியோடு வந்தாள். "வந்துட்டாரு துரை! லாரியக் குளிப்பாட்டுனவரு! நாப்பது பேருக்கு நான் ஒருத்தி பொங்கிப் போடுறேன்டா!"

சவரம் பாதியில் நிற்க, முகத்தில் நுரையோடு அப்பா ஓடிவந்தார்.

"அப்பா, லாரி..."

"லாரி கிடக்குது போ." கட்டிக்கொண்டார். நுரையெல்லாம் மகன் கன்னத்தில். "போன் அடிச்சா நீதான்னு ஓடுவேன். எடுத்தா வேற யாரோ. வேற யாரோன்னா மட்டும், வராதேன்னு எப்படிடா சொல்றது?"

கோணல் நின்ற இடத்திலேயே தேம்பினான். அக்கா கரண்டியால் முதுகில் ஒன்று வைத்தாள். "உள்ள வந்து அழு. ஈ வருது."

அவன் உள்ளே போனான். நான் வெளியே நின்றேன்.

"நீயும் வா," என்றான் திருடன்.

"நான் ஏணி பிடிக்கிறவன்ப்பா. தொலையல."

"முதல் நாள் எல்லாரும் அதத்தான் சொல்லுவாங்க," என்று டப்பாவை வாங்கி உள்ளே வைத்தான்.