பொருந்தாத குமிழ்

பழைய பிலிம் கேமராக்களுக்கு மெருகேற்றுவது என் வீட்டுக்காரரின் தொழில். உரிந்த தோலை ஒட்டுவார், நசுங்கிய மூடியைத் தட்டி நிமிர்த்துவார், மங்கிப்போன எழுத்துகளுக்குள் வெள்ளைச் சாயம் விடுவார். கெட்டிக்காரர்தான், இல்லையென்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த வாய் இருக்கிறதே! ஒரே மாடலில் எந்தத் தயாரிப்புக்கு எந்தத் திருகாணி என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன் என்பார். தூக்கத்தில் குறட்டைதான் வரும், எனக்குத் தெரியாதா?

கடையில் அவரோடு வேலை பார்த்தவன் என் தம்பி. கேமராவின் உள்வேலை அவனுடையது, வெளிவேலை இவருடையது. தம்பி முன்பு பழுது பார்த்த கேமரா ஒன்றை, தோல் மாற்றுவதற்காக ஒரு கல்யாண போட்டோகிராபர் கொண்டுவந்தார். இவர் புரட்டிப் பார்த்தார். உடம்பு முதல் தயாரிப்பு. பிலிமைத் திருப்பிச் சுற்றும் குமிழ் மட்டும் அடுத்த தயாரிப்பில் வந்த சொரசொரப்பான குமிழ். பழைய வழவழப்பான குமிழுக்குச் சேகரிப்பவர்களிடம் தனி மவுசு.

"ஒரிஜினல் குமிழ் எங்கடா?" என்றார், போட்டோகிராபர் முன்னாலேயே.

"இதுதான் மாமா இருந்துச்சு. கம்பெனியிலயே இப்படி வந்திருக்கும்."

"கம்பெனிக்காரன் என்ன உன் பிரெண்டா? எவன்கிட்டடா வித்த?"

தம்பி சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு போனவன்தான், திரும்ப வரவில்லை. "ரோஷத்தைப் பாரு" என்று இவர் முணுமுணுத்தார். நான் சும்மா விடுவேனா? வீட்டில் ஓயாமல் சண்டை. மனுஷன் மசியவே இல்லை.

போன வாரம் ஒரு வக்கீல் வீட்டுப் பரணில் கிடந்த கேமரா வந்தது. அதே மாடல், வரிசை எண்ணும் அந்த போட்டோகிராபர் கேமராவுக்குப் பக்கத்து எண். பழைய உடம்பு, சொரசொரப்பான குமிழ். திருகாணித் தலைகளில் கம்பெனி வைத்த அரக்கு அப்படியே இருந்தது. எவன் கையும் உள்ளே போகாத சாமான். புதுக் குமிழ் வந்த பிறகு, மிச்சமிருந்த பழைய உடம்புகளிலும் அதையே மாட்டி அனுப்பியிருக்கிறார்கள்.

இவர் முகம் செத்துப்போயிற்று. "தப்புப் பண்ணிட்டேன்டி. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவன்கிட்ட போவேன்?"

"இருக்கிற மூஞ்சிய வச்சுக்கிட்டுதான். கிளம்புங்க."

தம்பி இப்போது ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் இருக்கிறான். நாங்கள் போனபோது கடை சாத்தும் நேரம். இவர் வாசலிலேயே தயங்கி நின்றுவிட்டார். உள்ளே தம்பி மேசையைத் துடைத்தான். பிறகு முதலாளி முன்னால் போய் நின்று, பேன்ட் பைகள் இரண்டையும் வெளியே இழுத்துக் காட்டினான்.

"ஐயோ, எத்தனை தடவைப்பா சொல்றது? உன்னை யாரு கேட்டா?" என்றார் முதலாளி.

"இருக்கட்டும் சார். பார்த்துடுங்க."

திரும்பியவன் எங்களைப் பார்த்தான். பைகள் வெளியே தொங்கியபடியே, "வாங்க மாமா, வாக்கா" என்றான். என் வீட்டுக்காரர் தலையைத் தூக்கவே இல்லை.