மதினியின் பைபிளில் இல்லாத பக்கங்கள்

கல்யாணமாகி ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்த புதிதில் நான் யாருக்கும் பயந்ததில்லை, மதினியைத் தவிர. மதினி என் கணவரின் அக்கா. ராஜபாளையத்தில் இருந்தார். அவருடைய கணவர் போலீஸில் ஏட்டு. எனக்கு அண்ணன் முறை. மதினிக்குப் பல வருடமாக இருந்த வயிற்றுவலி ஒரு ஜெபக்கூட்டத்தில் நின்றுபோனது. அதற்குப் பிறகு மாதா கோயிலை விட்டுவிட்டு, வாடகைக் கட்டடத்தில் நடந்த ஒரு சபைக்குப் போக ஆரம்பித்தார். அண்ணன் மட்டும் பழைய கோயிலிலேயே நின்றுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை சபை முடிந்ததும் மதினி பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். கையில் ஜிப் வைத்த கறுப்பு உறைக்குள் பைபிள். சாப்பிட்டு முடித்து நான் பாத்திரத்தை ஒதுக்குவதற்குள் ஆரம்பிப்பார்.

"ஏட்டி, மாதா சிலைக்கு முன்னால மெழுகுவர்த்தி ஏத்துதியே, அது விக்கிரக ஆராதனை இல்லாம வேற என்ன?"

"அப்படியெல்லாம் இல்ல மதினி."

"பொறவு எப்படி? வசனம் சொல்லு."

எனக்கு ஒரு வசனமும் தெரியாது. செபமாலை தெரியும், பூசை தெரியும், தபசு காலத்தில் சிலுவைப்பாதை தெரியும். எங்கள் வீட்டு பைபிள் பீடத்தட்டில் ஒரு பட்டுத்துணிக்குள் இருந்தது. கிறிஸ்துமஸுக்கு வெளியே எடுத்து, தூசி தட்டி, திரும்ப வைப்போம். முகமெல்லாம் சூடேற, நான் அடுப்படிக்குள் போய் நின்றுகொள்வேன். மில்லில் ஃபிட்டராக இருந்த என் கணவர், அக்கா வாயைத் திறந்ததும் சைக்கிளைத் துடைக்கப் போய்விடுவார். "அவ அப்படித்தான், விடு" என்பார் பிறகு. என்னால் விட முடியவில்லை.

எங்கள் பங்குக் கோயிலுக்குப் புதிதாக வந்திருந்த சாமியாருக்கு என் வயதுதான் இருக்கும். ஒரு நாள் பூசை முடிந்ததும் போய் நின்றேன். மதினியின் கேள்விகளைச் சொன்னேன். சிரித்துவிட்டு, "சிலதுக்கு நானும் பார்த்துத்தான் சொல்லணும்மா. பைபிளைக் கொண்டு வாங்க, சேர்ந்து பார்ப்போம்" என்றார்.

பட்டுத்துணியை அவிழ்த்தேன். முதலில் பெயர்களும் வம்சங்களும் தலையைச் சுற்ற வைத்தன. ஆனால் லூக்கா நற்செய்தியின் முதல் அதிகாரத்தில் வானதூதர் மரியாவை வாழ்த்தும் இடத்துக்கு வந்தபோது அப்படியே நிமிர்ந்து உட்கார்ந்தேன். சிறுவயதிலிருந்து நான் தினமும் சொல்லிவந்த மங்கள வார்த்தை செபத்தின் தொடக்கம் அங்கே இருந்தது. யாரோ எழுதிக் கொடுத்த செபம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அன்று சோறு குழைந்துபோனது.

அடுத்த ஞாயிறு நானே ஆரம்பித்தேன். விக்கிரகம் செய்யாதே என்று சொன்ன அதே கடவுள்தான், உடன்படிக்கைப் பெட்டியின் மேல் இரண்டு கெருபுகளை, சிறகுள்ள தூதர் உருவங்களை, பொன்னில் செய்து வைக்கச் சொன்னார் என்றேன். கானாவூர்க் கல்யாணத்தில் திராட்சை ரசம் தீர்ந்ததை மகனிடம் சொன்னது தாய்தான் என்றேன்.

"நாங்களும் அம்மாகிட்ட சொல்லுதோம் மதினி. செய்யுதது மகன்தான்."

மதினி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பரவால்லயே. படிச்சிருக்க."

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைக்காக நான் காத்திருக்க ஆரம்பித்தேன். சில நேரம் மதினி ஜெயிப்பார், சில நேரம் நான். பெரிய சண்டை புத்தகக் கணக்கில் வந்தது. எங்கள் பைபிளில் அவர்கள் பைபிளைவிட ஏழு புத்தகங்கள் அதிகம்.

"ரோமாபுரிக்காரங்க பொறவு கொண்டுவந்து சேத்தது" என்றார் மதினி.

"சேத்தது இல்ல மதினி, எடுத்தது" என்றேன். சாமியார் சொல்லிக் கேட்டிருந்தேன்: ஆதிக் கிறிஸ்தவர்கள் கையில் இருந்த கிரேக்க வேதத்தில் அவை இருந்தன, திருச்சபை ஆயிரம் வருடத்துக்கு மேல் அவற்றை வாசித்து வந்தது, சீர்திருத்தக் காலத்தில்தான் ஒதுக்கப்பட்டன. யூதர்களே தங்கள் எபிரேய வேதத்தில் அவற்றை வைத்துக்கொள்ளவில்லையே என்று மதினி திருப்பிக் கேட்டார். சாமியாரிடம் போய்ச் சொன்னபோது, "அதுவும் உண்மைதான். நல்லாத்தான் படிச்சிருக்காங்க" என்றார்.

மதினி கேட்டதில் ஒன்றை மட்டும் நான் சாமியாரிடம் கொண்டுபோகவில்லை. "எல்லாம் சரிட்டி. அம்புட்டும் உங்க கையிலயே இருந்துச்சுன்னா, இம்புட்டு வருசம் ஏன் தொறக்கல?"

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஒரு ஆனி மாதம், தேர்தல் பந்தோபஸ்துக்குப் போய்விட்டு வந்த அண்ணன் நெஞ்சுவலி என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை. கோயில் கல்லறையில் அடக்கம் செய்தோம். சபைக்காரர்களும் வந்து, வெயிலில் நின்று, அருமையாகப் பாடினார்கள். ஆனால் இறந்தவருக்காக வேண்டுவது அவர்கள் வழக்கம் இல்லை. முப்பதாம் நாள் பூசையைப் பற்றி மதினியிடம் பேச எங்களுக்குத் தைரியம் வரவில்லை.

ஒரு புதன்கிழமை மத்தியானம் மதினி தனியாக வந்தார். கையில் பைபிள் இல்லை. தண்ணீர் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார்.

"உன் பைபிளை எடு. செத்துப்போனவுகளுக்காக வேண்டுதாகன்னு ஒரு இடம் சொன்னியே, அதை வாசி."

அந்த ஏழு புத்தகங்களில் ஒன்றான மக்கபேயரை எடுத்தேன். போரில் இறந்த வீரர்களை அடக்கம் செய்யப் போகிறார்கள். ஒவ்வொருவருடைய சட்டைக்குள்ளும் அந்நிய தெய்வங்களின் தாயத்து இருக்கிறது, சட்டம் தடுத்த பொருள். ஆனாலும் தளபதி அவர்களைத் தள்ளிவிடவில்லை. எல்லாரிடமும் காணிக்கை பிரித்து, அவர்களுடைய பாவத்துக்காகப் பலி ஒப்புக்கொடுக்க எருசலேமுக்கு அனுப்பிவைக்கிறான். அவர்கள் உயிர்த்தெழுவார்கள் என்று நம்பியதால்தான் அப்படிச் செய்தான் என்று அந்தப் புத்தகம் சொல்கிறது.

வாசித்து நிமிர்ந்தேன். மதினியின் முந்தானை வாயில் இருந்தது.

"அவிய யூனிஃபார்முக்குள்ள எப்பவும் கழுத்துல அந்த மாதா படத் துணி, உத்தரியம், போட்டிருப்பாக. தாயத்துன்னு சொல்லி நான் எம்புட்டுச் சண்டை போட்டிருக்கேன். ஒரு நாளும் எதுத்துப் பேசல. சிரிப்பாக. மறுநாளும் போட்டுக்கிட்டுப் போவாக."

உத்தரியம் தாயத்து இல்லை என்று சொல்வதற்கு என்னிடம் விளக்கம் தயாராக இருந்தது. அதை விழுங்கிக்கொண்டு பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அவியளுக்குப் பூசை வைக்கச் சொல்லு" என்றார். "அவிய ஆசைப்பட்டது அதைத்தான். நான் வாரேன். ஆனா முட்டி போட மாட்டேன், நன்மை அப்பம் வாங்க மாட்டேன். என் சபையை விட்டுட்டேன்னு யாரும் பேசக் கூடாது."

"யாரும் பேச மாட்டாக மதினி."

"வேண்டுதது தப்புன்னா?"

நான் வசனம் தேடவில்லை. "பாசத்துல கேக்குததுக்கு ஆண்டவர் கோவிச்சுக்கிடவா போறாரு?" என்றேன்.

முப்பதாம் நாள் பூசையில், முதல் வாசகத்தை என்னையே வாசிக்கச் சொன்னார் சாமியார். அந்தப் பகுதியைத்தான் வாசித்தேன். கடைசி வரிசையில் மதினி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். சொன்னபடியே முட்டி போடவில்லை. இறந்தவர்களுக்கான மன்றாட்டில் அண்ணனுடைய பெயரைச் சாமியார் சொன்னபோது எழுந்து நின்றார். மன்றாட்டு முடிந்து எல்லாரும் உட்கார்ந்த பிறகும் நின்றுகொண்டே இருந்தார். வெளியே வந்ததும், "நல்லாத் தெளிவா வாசிச்ச" என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போனார்.

அன்று கோயில் முற்றத்தில் இரண்டு பெண்கள் என்னை நிறுத்தினார்கள். ஒருவர் சத்துணவுக்கூடத்தில் சமைப்பவர், இன்னொருவர் நெசவுத் தறிக்குப் பாவு நூல் ஓட்டுபவர்.

"யக்கா, நீங்க வாசிச்ச கதை நம்ம பைபிள்லயா இருக்கு?"

"ஆமா. பழைய ஏற்பாட்டுக் கடைசியில."

"எங்களுக்குக் காட்டுவீகளா? எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும்."

அடுத்த வாரம் எங்கள் வீட்டில் உட்கார்ந்தோம். பாவு ஓட்டுபவர் விரலை வைத்து, எழுத்து எழுத்தாகக் கூட்டி வாசித்தார். தளபதியின் பெயரில் தடுக்கி நின்றார். நாங்கள் யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. நான்காவது முயற்சியில் அந்தப் பெயர் அவருக்கு முழுசாக வந்தது.