இடது பக்கம் திறக்கிற பெட்டி

1. கோணிப்பை

செல்வத்துக்கு முன்பல் இரண்டு போன நாளில் இருந்துதான் இதை ஆரம்பிக்க வேண்டும். செல்வம் எங்கள் கம்பெனியில் டிரெய்லர் ஓட்டுகிறவர். காத்திவாக்கத்து மீனவக் குடும்பம். கடலுக்குப் போகாமல் ஸ்டியரிங் பிடித்தவர். நான் அதே கம்பெனியில் பிரேக்டவுன் மெக்கானிக். ஷெட் திருவொற்றியூரில் இருக்கிறது. எங்கள் வண்டி எங்கே மக்கர் பண்ணினாலும் சர்வீஸுக்கென்று இருக்கும் சின்ன யானை என்கிற குட்டி லாரியை எடுத்துக்கொண்டு நான் ஓட வேண்டும்.

துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் டிரெய்லர்கள் எண்ணூர் ரோட்டில் இரண்டு வரிசையாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். திட்டியும் இருப்பீர்கள். அந்த வரிசைக்கு யாரும் எழுதி வைக்காத ஒரு சட்டம் உண்டு. முன்னால் இடைவெளி விட்டால் இடம் போச்சு, பக்கத்து வரிசைக்காரன் மூக்கை நுழைத்துவிடுவான். வண்டி படுத்தே விட்டால், பின்னால் இருப்பவர்கள் சேர்ந்து அதை ஓரங்கட்டிவிடுவார்கள். அப்புறம் சரி செய்துகொண்டு மறுபடி கடைசியில் போய் நிற்க வேண்டும். ஒன்றரை நாள் ஸ்டியரிங்கிலேயே தூங்கிக் காத்திருந்தது அத்தனையும் வீண்.

அன்று செல்வத்தின் டிரெய்லரில் ஏர் லீக். காற்று இறங்கினால் ஸ்பிரிங் பிரேக் தானாகச் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். இஞ்சின் எவ்வளவு இழுத்தாலும் அசையாது. பிரேக் சேம்பரின் பின்னால் இருக்கும் ரிலீஸ் போல்ட்டைத் திருகினால் பத்து நிமிஷத்தில் விட்டுவிடும். அதற்கு வேண்டியது ஒரு இருபத்து நாலு நம்பர் ரிங் ஸ்பேனர். அது என்னிடம் இருந்தது. எங்கே இருந்தது என்றால், கோணிப்பையில்! லட்சக்கணக்கில் சரக்கு ஏற்றுகிற கம்பெனி, டூல்ஸ் வைக்க எனக்குக் கொடுத்திருந்தது மூன்று கோணிப்பை.

நடுரோட்டில் கொட்டித் தேடினேன். பதினேழு கிடைத்தது, பத்தொன்பது கிடைத்தது, முப்பத்திரண்டு கிடைத்தது. இருபத்து நாலு மட்டும் கிடைக்கவில்லை. முன்னால் வரிசை நகர்ந்துவிட்டது. பின்னால் இருந்து நாலைந்து பேர் இறங்கி வந்தார்கள். சத்தம் கேட்டு நான் நிமிர்ந்தபோது செல்வம் வாயைப் பொத்திக்கொண்டு தார் ரோட்டில் உட்கார்ந்திருந்தார். விரல் இடுக்கில் ரத்தம் வந்தது. ஸ்பேனர் மூன்றாவது பையின் அடியில் இருந்தது.

மறுநாள் மேனேஜரிடம் போய், வண்டிக்கு ஒரு டூல் பெட்டி வேண்டும் என்றேன்.

"உங்க சாமானை உங்களுக்கே தேடத் தெரியலைன்னா கம்பெனி என்ன பண்ணும் கோபால்? இத்தனை வருஷமா சாக்குலதானே ஓடிச்சு?" என்றார்.

அவர் மேஜையில் பேனாவுக்கு ஒரு ஸ்டாண்டு இருந்தது. குண்டூசிக்கு ஒரு டப்பா இருந்தது. ஸ்டேப்ளருக்கு மெத்தை போட்ட தனி டிரே. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

2. என் முட்டாள்தனம்

கேட்டால் கிடைக்காது என்று தெரிந்துவிட்டது. நானே செய்தேன். ஏழு ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று.

சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் கட் பீஸ் பொறுக்கினேன். சட்டத்துக்கு ஒரு இஞ்ச் எல் ஆங்கிள், உடம்புக்குப் பதினெட்டு கேஜ் ஷீட். டிராயர் சேனல் புதிதாக வாங்கினால் நம் ரோட்டுப் பள்ளத்துக்கு ஒரு மாசம் தாங்காது. அதனால் ஷெட்டில் கழித்துப் போட்ட பேரிங்குகளை உருளையாக வைத்து டிராயரை ஓடவிட்டேன். வண்டி குலுங்கும்போது டிராயர் திறந்துகொள்ளாமல் இருக்க, உடைந்த கன்டெய்னர் கதவின் லாக் ராடை எல்லா டிராயருக்கும் குறுக்கே மாட்டினேன். ஒரு கைப்பிடியைத் தூக்கினால் பத்து டிராயரும் விடுபடும். ஒரு பக்கம் கடல் உப்பு, இன்னொரு பக்கம் நிலக்கரித் தூசி என்று இருக்கிற ஊர் இது; ரெட் ஆக்சைடு இரண்டு கோட் அடித்துப் பழைய பஸ் கதவின் ரப்பர் பீடிங்கைச் சுற்றிலும் ஒட்டினேன்.

டிராயருக்கு உள்ளே கன்வேயர் பெல்ட் ரப்பரை விரித்து, ஒவ்வொரு ஸ்பேனருக்கும் அதன் உருவத்திலேயே பள்ளம் வெட்டினேன். எது இல்லையோ அந்தப் பள்ளம் காலியாகத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு கை வைத்தாலும் இருபத்து நாலு வரும்.

"இன்னா நைனா, வூட்டு பீரோவ தூக்கியாந்து வச்ச மாதிரி கீது!" என்று செல்வம் சிரித்தார். புதுப் பல் கட்டியிருந்தார்.

இவ்வளவு யோசித்த நான் ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. சின்ன யானைக்குப் பின்கதவுதானே திறக்கும் என்று எல்லா டிராயரையும் பின்பக்கம் திறக்கிற மாதிரி வைத்துவிட்டேன். ஷெட்டில் திறந்து பார்த்தபோது அழகாகத்தான் இருந்தது.

முதல் போன் வந்தது. வரிசையில் ஒரு டிரெய்லர் படுத்துவிட்டது. அங்கே எங்கள் வழக்கம் என்னவென்றால், படுத்த வண்டிக்கு முன்னால் இருக்கும் இடைவெளியைச் சர்வீஸ் வண்டியை விட்டே அடைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் வேறு ஒருவன் நுழைந்து இடம் பறிபோகும். நானும் ரிவர்ஸில் போய் அடைத்தேன். முன்னால் ஒரு சாண், பின்னால் ஒரு சாண். இறங்கிப் பின்னால் போனால், டிராயருக்கும் டிரெய்லரின் பம்பருக்கும் நடுவில் என் கைதான் போகிறது. டிராயர் எப்படித் திறக்கும்? வண்டியை முன்னால் நகர்த்த இடமில்லை. பத்து டிராயர் டூல்ஸை வைத்துக்கொண்டு வெறுங்கையோடு நின்றேன். அந்த டிரெய்லரை என் கண்ணெதிரே ஓரங்கட்டினார்கள்.

அடுத்த இரண்டு ஞாயிறு முழுக்கப் பிரித்து மாட்டினேன். டிராயரை நீளத்தில் பாதியாகக் குறைத்து, இடது பக்கம் திறக்கிற மாதிரி திருப்பினேன். இரண்டு வரிசை எவ்வளவு நெருக்கி நின்றாலும் நடுவில் பைக் போகிற சந்து இருக்கும். ஓரத்து வரிசை என்றால் மண்ரோடு இருக்கும். ஒரு ஆள் நின்று ஒரு அடி டிராயரை இழுக்க அது போதும்.

அதற்கப்புறம் நாலு வருஷம், டூல் கிடைக்காமல் எங்கள் வண்டி எதுவும் வரிசையை விட்டு வெளியே போகவில்லை. மேனேஜரிடமிருந்து பாராட்டு வரவில்லை. அதை நான் எதிர்பார்க்கவும் இல்லை.

3. டேப் பிடித்தவர்

போன வருஷம் கம்பெனி ஆறு புது சர்வீஸ் வண்டி எடுத்தது. அதற்கு டூல் பெட்டி செய்ய வெளியில் ஆர்டர் கொடுத்தார்கள். ஒரு இன்ஜினியர் டேப்போடு வந்தார். என் பெட்டியை மேலும் கீழும் அளந்தார், செல்போனில் படம் எடுத்தார்.

எனக்கு உள்ளுக்குள் பெருமைதான், பொய் சொல்வானேன். ஷெட் நிழலில் உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்து எல்லாவற்றையும் விளக்கினேன். பின்பக்கம் வைத்து நான் பட்ட அவமானத்தையும் மறைக்காமல் சொன்னேன். "சூப்பர் சார், சூப்பர் சார்" என்று தலையாட்டினார்.

மூன்று மாசத்தில் ஆறு வண்டியும் வந்தன. பளபளவென்று நீலப் பெட்டி. டிராயர் இல்லை, தட்டு மட்டும். கதவு இரண்டும் பின்பக்கம்.

நேரே மேனேஜர் ரூமுக்குப் போனேன். "சார், வரிசைக்குள்ள பின்கதவு தொறக்காது. நான் படிச்சுப் படிச்சு சொன்னேனே!"

"தெரியும் கோபால். இன்ஜினியரும் சொன்னார். ஆனா சைடுல கதவு வச்சா கம்பெனி பேர் எழுத இடம் இல்ல. கதவு இடுக்கு, கைப்பிடி எல்லாம் எழுத்துக்கு நடுவுல வருது. ஹெட் ஆபீஸ்ல ஒத்துக்கல."

"அப்போ ஸ்பேனர எப்படி சார் எடுக்கிறது?"

"கொஞ்சம் முன்னாடி தள்ளி நிறுத்திக்கோங்க."

கொஞ்சம் முன்னாடி! இந்த மனிதர் இருபது வருஷம் டிரெய்லர் கம்பெனிக்கு மேனேஜர். வரிசை எப்படி நிற்கும் என்று ஒரு நாள் இறங்கிப் பார்த்ததில்லை. தெரியாமல் செய்திருந்தால்கூட மன்னித்துவிடலாம். தெரிந்தே செய்திருக்கிறார்கள். போகிற வருகிறவர்கள் பெயரைப் படிக்க வேண்டுமாம், அதற்காக உள்ளே வேலை செய்கிறவன் அடிபடலாமாம்.

அன்று மத்தியானம் நான் புது வண்டி ஒன்றில், வேண்டிய நாலு டூலை மட்டும் போட்டுக்கொண்டு, மாதவரத்தில் ஒரு பிரேக்டவுனுக்குப் போயிருந்தேன். திரும்பி வருவதற்குள் என் பழைய வண்டியைப் பெட்டியோடு ஸ்கிராப்புக்கு ஏற்றி அனுப்பிவிட்டார்கள். உள்ளே இருந்த டூல்ஸை எடுத்து எதில் போட்டு வைத்திருந்தார்கள் தெரியுமா? கோணிப்பையில். வீட்டுக்குப் போய்ச் சோறு இறங்கவில்லை.

4. உளி

புது வண்டி வந்து பதினோராம் நாள். நல்ல வெயில். செல்வம் போன் பண்ணினார். "நைனா, பிரேக்கு புச்சிக்கிச்சு. டோல்கேட்டாண்ட நிக்கறேன். சீக்கிரம் வா."

போனேன். பக்கத்து வரிசைக்காரன் மூக்கை நுழைக்கும் முன் வழக்கப்படி இடைவெளியை அடைத்தேன். முன்னால் ஒரு சாண், பின்னால் ஒரு சாண். கதவைத் திறக்கப் பார்த்தேன். இரண்டு விரல் அளவு திறந்து பம்பரில் முட்டி நின்றது. உள்ளே இருபத்து நாலு நம்பர் ஸ்பேனர் இருக்கிறது. நானேதான் காலையில் நடுத் தட்டில் இடது ஓரமாக வைத்தேன்.

முன்னால் வரிசை நகரப் போவதாகப் பேச்சு வந்தது. பின்னால் ஹாரன் ஆரம்பித்தது. நாலைந்து பேர் கதவைத் திறந்து இறங்கினார்கள்.

"வந்துகினு கீறானுங்க நைனா" என்றார் செல்வம். அவர் கை தானாகப் போய் வாயைப் பொத்திக்கொண்டது. ஐம்பது வயசு மனுஷன். அதைப் பார்த்ததும் எனக்கு என்ன ஆயிற்றோ தெரியாது.

ரோட்டோரத்துப் பங்சர் கடைக்கு ஓடினேன்; இருபத்து நாலு அங்கே இல்லை, உளியும் சுத்தியலும் கேட்டேன். கடைக்காரர் கொடுத்துக்கொண்டே, "இன்னாத்துக்கு மாமு?" என்றார். வாங்கிக்கொண்டு ஓடினேன். வண்டியின் இடது பக்கம் வந்து நின்றேன். எதிரே ஆள் உயரத்துக்குக் கம்பெனி பெயர் வெள்ளை எழுத்தில் மின்னியது. நடுத் தட்டுக்கு நேராக, மூன்றாவது எழுத்தில் உளியை வைத்து அடித்தேன்.

தகரம் அப்பளமாக விட்டுக் கொடுத்தது. இருபத்திரண்டு கேஜ்கூட இருக்காது; கேஜ் எண் ஏற ஏறத் தகரம் மெலிசு. மூன்று பக்கம் வெட்டி, நாலாவது பக்கத்தை மடித்துக் கதவு மாதிரி இழுத்துவிட்டேன். இறங்கி வந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். ஒருத்தன், "இன்னா நைனா, உன் கம்பெனி வண்டியவே ஒடைக்கிற?" என்றான். "நீ கொஞ்சம் பொறு, இந்த வண்டி நகரும்" என்றேன். கையை விட்டு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு டிரெய்லருக்கு அடியில் புகுந்தேன். போல்ட்டைத் திருகினேன். பிரேக் விட்டது. வரிசை நகர்ந்தபோது செல்வத்தின் வண்டியும் கூடவே நகர்ந்தது. அன்று யாரும் யார் மேலும் கை வைக்கவில்லை.

மறுநாள் மெமோ வந்தது. கம்பெனிச் சொத்துக்கும் கம்பெனிப் பெயருக்கும் சேதம் விளைவித்தது ஏன் என்று விளக்கம் கேட்டிருந்தார்கள்.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்றுதான். உங்கள் கையால் செய்ததை அளந்துகொண்டு போக ஒருவர் வந்தால், நிழலில் உட்காரவைத்து விளக்காதீர்கள். வரிசைக்குள் கூட்டிக்கொண்டு போங்கள். முன்னால் ஒரு சாண், பின்னால் ஒரு சாண் விட்டு நிறுத்தி, பின்னால் ஹாரன் அடிக்கும்போது ஒரு ஸ்பேனரை எடுத்துத் தரச் சொல்லுங்கள். அவருக்கு மட்டும் இல்லை, அவருக்கு ஆர்டர் கொடுத்தவருக்கும் அதே பாடம் வேண்டும். நான் அதைச் செய்யாமல் விட்டது என் தப்பு.

மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். "ரிட்டையர்மென்டுக்கு இன்னும் பதினாலு மாசம்தான் இருக்கு கோபால். எதுக்கு வம்பு? ‘அவசரத்தில் தெரியாமல் செய்துவிட்டேன்’னு ஒரு வரி எழுதிக் கொடுங்க. நான் மேல பேசி முடிச்சுடறேன்" என்று பேப்பரை நகர்த்தி, ஸ்டாண்டில் இருந்து பேனாவையும் எடுத்துக் கொடுத்தார்.

வாங்கிக்கொண்டேன். "தெரிந்துதான் வெட்டினேன். மீதி ஐந்து வண்டியையும் ஷெட்டில் நிறுத்தினால் ஞாயிற்றுக்கிழமை வந்து அவற்றிலும் வெட்டித் தருகிறேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.