ஸ்திரீபார்ட்டுக்கு ஏழு வருஷப் பத்திரம்

இன்று கம்பம் பஸ்ஸில் ஒரு நாடகக் கம்பெனி ஏஜெண்ட் என் பக்கத்தில் உட்கார்ந்தார். முன்சீட்டில் இருந்த பையனைப் பெண் வேஷத்தில் பாட ஏழு வருஷத்துக்கு எழுதி வாங்கிவிட்டாராம்.

"மேடை ஏறியிருக்கானா?" என்று கேட்டேன்.

"இல்லைங்க. கோயில்ல ஒரே ஒரு பாட்டுப் பாடுனான். முதலாளி கேட்டாக, உடனே எழுதச் சொல்லிட்டாக."

"பதிமூணு வயசு இருக்கும்போலயே. குரல் உடைஞ்சா என்ன செய்வீக?"

பத்திரத்தை விரித்துப் பெருமையாகக் காட்டினார். "உடையக் கூடாதுன்னு எழுதியிருக்கோம்ல. அவுக அப்பா கைநாட்டு வச்சிருக்காக."

அப்போது பையன் திரும்பி, "இன்னும் எம்புட்டுத் தூரம்ண்ணே?" என்று கேட்டான். பாதியிலேயே குரல் கரகரத்துக் கீழே இறங்கியது.

"சளி பிடிச்சிருக்கு" என்றார் ஏஜெண்ட்.

அடுத்த பத்திரத்தில் மீசையும் முளைக்கக் கூடாது என்று எழுதுவார்கள். இந்த மேதாவிகள் வேறு எதை விட்டுவிட்டார்கள், நீங்களே சொல்லுங்கள்.