தொட்டிக்குள் விரித்த கம்பளம்

தூரான் அம்மாள் ஒரு கையில் ஹேர் டிரையரும் மறு கையில் பழைய பல் துலக்கும் பிரஷுமாக முற்றத்துத் தொட்டியின் இடுக்குகளை உலர்த்திக்கொண்டிருந்தாள். தண்ணீர் வடித்த நீல டைல் தொட்டி, முழங்கால் ஆழம். உள்ளே ஒரு முக்காலி. அதன்மேல் எழுபத்து நான்கு வயதும், ஆறு வாரத்துக்கு முன் அறுவை செய்த முழங்காலும்.

அவளைப் படுக்கையில் வைத்திருப்பதற்காக மாடியில் குடியிருக்கும் மகன் பெஹ்ரூஸ் என்னை அமர்த்தியிருந்தான். எங்கள் ஈரானிய ஊரான ஹமதானின் மருத்துவமனையில் முப்பது வருடம் நோயாளிகளைப் புரட்டிப் படுக்கவைத்தவள் நான். இவளைப் படுக்கவைக்க முடியாது என்று முதல் நாளே தெரிந்துவிட்டது. பிரஷை நானும் ஒன்று எடுத்துக்கொண்டேன்.

தூரான் வாழ்நாள் முழுவதும் ஊர்ப் பெண்களுக்கு உடை தைத்தவள். கணவர் பதித்த டைல் என்று யாராவது உருகினால், பதித்தது அவர், பதினேழு தடவை பெயர்ந்ததை ஒட்டியது நான் என்பாள். இடுக்கில் இறங்கும் ஈரம் உறைந்து உப்பி டைலை உதைத்துத் தள்ளிவிடும். அதனால் இலையுதிர் காலம் முடிவதற்குள் உலர்த்தி, புதுச் சிமெண்ட் பூசிவிடுவாள். கோடையில் அந்தத் தண்ணீரில் கால் வைத்து உட்கார்ந்தால் அவளுக்கு வலி மாத்திரை தேவைப்படாது. கோடையில் பிரிக்காமல் கிடந்த மாத்திரை அட்டைகளைப் பார்த்துத்தான் சொல்கிறேன், கவிதை ஒன்றும் இல்லை.

இந்த வருடம் பெஹ்ரூஸ் ஒரு நிபந்தனை போட்டிருந்தான். வரும் வசந்தத்தில் ஒரு டைல் வெடித்திருந்தாலும் தொட்டியை மண் கொட்டி மூடி, அதன்மேல் காரை நிறுத்துவானாம். அவளும் வீம்புக்குத் தலையாட்டிவிட்டாள். சாட்சி நான்.

முதல் பனி விழுந்த வாரம் முழங்காலில் சீழ் வைத்து மூன்று நாள் மருத்துவமனையில் இருந்தோம். திரும்பி வந்த காலை, தொட்டிக்குள் பழைய கம்பளம் ஒன்று விரித்திருந்தது. எங்கள் ஊரில் எதற்கும் கம்பளம்தான் மருந்து. கதவிடுக்கில் காற்று வந்தால் கம்பளம், மாமியார் வந்தால் கம்பளம். டைல் குளிராமல் இருக்கட்டும் என்று பெஹ்ரூஸ் போர்த்தினானாம். அது பனியைக் குடித்து ஊறி, ஒரு மூலையில் டைலோடு உறைந்து கிடந்தது. படுத்த நோயாளியின் முதுகில் ஈரத்துணியை விட்டுவைத்தால் தோல் உரிந்து வருமே, இங்கேயும் அதுதான் ஆகும் என்றேன்.

உடனே உள்ளே போய், தேநீருக்குக் கொதிக்கும் சமோவார் கொதிகலனிலிருந்து கெண்டியில் கொதிநீர் பிடித்து, பனியை இளக்கக் கொண்டு வந்தான். சூடு பட்டால் டைல் வெடித்துவிடும் என்று நான் வாய் திறப்பதற்குள் தூரான் ஊன்றுகோலோடு தொட்டிக்குள் இறங்கி, அந்த மூலையிலேயே உட்கார்ந்தாள்.

"ஊத்துடா. முதல்ல என் மடியில ஊத்து. டைலுக்குச் சுட்டா சொல்லாது. நான் சொல்லுவேன்."

"ஆபரேஷன் பண்ண காலும்மா. ஈரத்துல உக்காராதே."

"அது தெரியுதில்ல? அப்ப டைலை மட்டும் எதுக்கு ஈரத்துல உக்கார வச்சே?"

அவன் என்னைப் பார்த்தான். நான் கெண்டியை வாங்கித் தேநீர் போட்டேன். அவளைத் தூக்கி முக்காலியில் வைத்தோம். வெயில் மூலைக்கு வரும்வரை மூவரும் காத்திருந்தோம். இரண்டு மணிக்குக் கம்பளம் தானாக விட்டுக்கொடுத்தது.

தூரான் ஒவ்வொரு டைலையும் கரண்டியால் தட்டிப் பார்த்தாள். ஒன்று மட்டும் பொக்கென்று ஒலித்தது. பெஹ்ரூஸின் முகம் மலர்ந்தது.

"வெடிச்சிருச்சு போல."

"வெடிக்கலை. ஆடுது. உன் கடைவாய்ப் பல்லு மாதிரி. உன்னை மண்ணு போட்டா மூடிட்டோம்?"

சொட்டும் கம்பளத்தைக் காயப்போட வேறு உயரமான இடம் இல்லை. தூக்கிக் களைத்துப்போனவன், வாசலில் நின்ற தன் காரின் மேலேயே போட்டுவிட்டான். அது அவனுடைய யோசனைதான். நாங்கள் தடுக்கவில்லை, அவ்வளவுதான்.

மறுநாள் காலை கம்பளம் காரின் கூரையோடும் முன்கண்ணாடியோடும் பலகையாக உறைந்து ஒட்டியிருந்தது. இழுத்துப் பார்த்துவிட்டு அடுக்களைக்கு வந்த பெஹ்ரூஸ், சமோவாரைப் பார்த்தான். தூரான் ரொட்டிக்குள் பாலாடைக்கட்டி வைத்துக்கொண்டே, திரும்பாமல் சொன்னாள்.

"கண்ணாடிக்கும் சுடுதண்ணி ஆகாது. வெயில் வரட்டும்."

அவன் அலுவலகத்துக்கு லீவு சொன்னான். ரொட்டியைத் தின்றான். பிறகு கொல்லையிலிருந்து நாலு பாப்லர் மரக் கழிகளை எடுத்து வந்து தொட்டிக்குக் குறுக்கே போட்டு, பனி வழுக்கி விழும்படி பிளாஸ்டிக் விரிப்பைச் சரிவாக ஆணியடித்து, காற்று போக இரண்டு பக்கமும் திறந்து விட்டான். ஆணிகளை நான் எடுத்துக் கொடுத்தேன். தூரான் ஆடிய டைலுக்குச் சிமெண்ட் குழைத்தாள்.